கீர்த்தனா சாலை

நாற்பது வயது தாண்டும் வரை உண்ணாமலைக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. தெரியவில்லையே என்று அவள் வருத்தப்பட்டதும் கிடையாது. நுணாப்பட்டில் அவள் வயதுப் பெண்கள் கழனிக்கு நடந்து போனார்கள், டவுனுக்கு ஷேர் ஆட்டோவில் போனார்கள், புருஷன் கூப்பிட்டால் வண்டியின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போனார்கள். சைக்கிள் என்பது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் சங்கதி.

அவளுடைய ஒரே மகள் கீர்த்தனா அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து திண்டிவனம் ரோட்டுக்கு வந்து, அதிலேயே டவுன் பக்கமாக மிதித்து, வேங்கிக்காலைத் தொட்டாற்போல் இருந்த மேல்நிலைப் பள்ளிக்கு. பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள். சீட்டுக்குப் பூப்போட்ட துணியில் அவளே உறை தைத்து மாட்டியிருந்தாள். மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு காலையில், ஜல்லி ஏற்றி வந்த டிப்பர் ஒன்று முன்னால் போன பஸ்ஸை இடதுபுறமாக முந்தப் பார்த்தது. அந்த இடதுபுறத்தில் கீர்த்தனா போய்க்கொண்டிருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஸ்டேஷனிலிருந்து ஆள் அனுப்பினார்கள். சைக்கிளை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

"எனக்கு அந்தச் சைக்கிளு வேணாம்" என்றான் அவள் புருஷன் பரசுராமன். "பழைய இரும்புக்காரனாண்ட போட்டுட சொல்லு."

அவன் சொன்னதோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். முந்தின மாதம்வரை வேர்க்கடலைக் கொல்லையில் விடிவதற்குள் தண்ணீர் கட்டுகிற மனிதன். இப்போது மகள் படத்துக்கு எதிரே பாயைப் போட்டுக்கொண்டு கிடந்தான். சாப்பிடு என்றால் சாப்பிட்டான், இல்லாவிட்டால் இல்லை.

உண்ணாமலைதான் போனாள். முன்சக்கரம் எட்டுப் போல வளைந்திருந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருந்த சைக்கிள் கடையில் சக்கரத்தை மாற்றச் சொன்னாள். எதற்காக மாற்றுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை; வளைந்த சக்கரத்தோடு அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று மட்டும் பட்டது. கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு திண்டிவனம் ரோடு வரைக்கும் வந்தாள். அங்கே லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது கையிலிருந்த சைக்கிள் ஆடியது. அவளால் அந்த ரோட்டில் கால் வைக்க முடியவில்லை. திரும்பி, ஏரிக்கரை மேல் ஏறினாள்.

ஏரிக்கு ஏரி தண்ணீர் போகிற வரத்துக்கால்வாய் ஒன்று அந்தப் பக்கம் ஓடுகிறது. அதன் கரை பிடித்துப் போனால் நுணாப்பட்டு வரும் என்பது மாடு மேய்க்கிற எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் போவதில்லை. வேலிக்காத்தான் முள் இரண்டு பக்கமும் மூடியிருந்தது. சேலை கிழிய, சைக்கிளைச் சில இடங்களில் தோளில் தூக்கி, வாய்க்காலில் இறங்கி ஏறி அவள் வந்தாள். காப்புக்காட்டை ஒட்டிய மேட்டில் வந்து நின்றபோது ஒரு வண்டிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. எங்கோ மயில் கத்தியது. மகள் செத்த நாளிலிருந்து அவள் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த லாரிச் சத்தம் அங்கேதான் முதல்முதலாக நின்றது. சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, பார்க்க ஆளில்லாத அந்த இடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

இவ்வளவு நல்ல வழி இங்கேயே கிடந்திருக்கிறதே என்பதுதான் அன்றைக்கு அவளை அதிகமாக அறுத்தது.

பக்கத்து வீட்டு மணிவேல் தன் மகள் கவிநிலாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டான் என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. எட்டாவது படித்துக்கொண்டிருந்த பெண். கீர்த்தனாவோடு சேர்ந்தே சைக்கிளில் போய் வந்தவள். அன்றைக்குக் காய்ச்சல் என்று போகவில்லை, அதனால் தப்பித்தாள். மணிவேலைக் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனாலும் உண்ணாமலை அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உன் பொண்ண அனுப்பு மணிவேலு."

"எப்டிக்கா அனுப்புறது? உனக்கு ஆனதப் பாத்துட்டும் அனுப்ப சொல்றியா?"

"ரோட்டு மேல அனுப்ப வேணாம். வாய்க்கா கரையில போவட்டும். அங்க ஒரு வண்டி வராது. நான் கூடப் போயி இட்டாரேன். எம்மேல நம்பிக்க வெச்சு அனுப்பு."

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் வந்து கேட்கிறாள். இல்லை என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தானோ என்னவோ, சரி என்றான்.

முதலில் அரிவாளோடு போய் முள் வெட்டினாள். ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை அது. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் பஞ்சாயத்துத் தலைவர் இளவரசனைப் பார்த்தாள். பரசுராமனுக்குப் பங்காளி முறையில் தம்பி. கீர்த்தனாவின் பாடைக்குத் தோள் கொடுத்தவன்.

"எந்தக் குட்டையையோ தூர் வார்றதுக்கு அந்த வாய்க்காலத் தூர் வாருங்களேன் தம்பி. கரையக் கொஞ்சம் கெட்டிப்படுத்துனா புள்ளைங்க போவும்."

இளவரசன் தட்டிக்கழிக்கவில்லை. மனு எழுதிக் கையெழுத்து வாங்கி, வேலையை அந்தப் பக்கம் மாற்றிக் கொடுத்தான். ஊர்ப் பெண்கள் கும்பலாக வாய்க்காலில் இறங்கினார்கள். வண்டலை வாரிக் கரையில் போட்டு, அதன்மேல் கரட்டிலிருந்து கிராவல் மண் கொண்டுவந்து கொட்டி, திம்மிஸ் கட்டையால் இடித்துக் கெட்டித்தார்கள். செக்கச் செவேல் என்று பாதை நீண்டபோது, வெயிலில் நின்றிருந்த பெண்களுக்கே அது பெருமையாக இருந்தது. "நம்ம கையால போட்ட ரோடுடீ" என்று ஒருத்தி சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். உண்ணாமலையும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

கவிநிலா மிதிக்க, உண்ணாமலை பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணே கேட்டாள்.

"அத்தே, நீங்களும் ஓட்டுங்க. அக்கா சைக்கிள் சும்மாதான கீது?"

"இந்த வயசுலயா?"

"நான் பின்னால புடிச்சுக்கறேன். வுழ மாட்டீங்க."

விழுந்தாள். முட்டித் தோல் பெயர்ந்தது. ஏரிக்கரையில் மாடு மேய்த்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். பரசுராமனிடம் போய்ச் சொன்னார்கள், அவன் மகள் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு ஒரு நாள் கவிநிலா பிடியை விட்டுவிட்டாள் என்பது தெரியாமலே உண்ணாமலை ஏரித் தண்ணீர் வழிகிற கலங்கல் வரைக்கும் போய்விட்டாள்.

அந்த வழி ஒரே சமமாகப் போகிற வழி இல்லை. ஏரிக்கரையில் தட்டையாகப் போய், கலங்கலைத் தாண்டினால் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஏறும். மறுபடி இறங்கி வாய்க்காலோடு கொஞ்ச தூரம் நெளியும். தண்ணீர் ஓடுகிற மாதங்களில் நாரைகள் பக்கத்திலேயே நின்றுகொண்டு நகராமல் பார்க்கும். அப்புறம் காப்புக்காட்டு ஓரம். அங்கே ஏற்றம் கடினம், இறங்கித்தான் தள்ள வேண்டும். உச்சிக்குப் போய்விட்டால் மேற்கே அண்ணாமலை முழுசாகத் தெரியும். அங்கிருந்து அடுத்த ஏரிவரைக்கும் ஒரே இறக்கம், மிதிக்கவே வேண்டாம். சக்கரத்துக்குக் கீழே பொடிக்கல் சரசரவென்று சத்தம் போடும். காற்று காதில் ஊதும்.

முதல்முதலாக அந்த இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் இறங்கிய காலையில் உண்ணாமலை தன்னையறியாமல் 'ஹோ'வென்று கத்திச் சிரித்துவிட்டாள். கீழே வந்து நின்றதும் வெட்கமும் வேதனையும் ஒன்றாக வந்தன. மகள் ஏறி உட்கார்ந்திருந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறோமே என்று அந்தப் பூப்போட்ட உறையைத் தடவிக்கொண்டே நின்றாள். ஆனால் மறுநாளும் அந்த இறக்கத்தில் அவள் பிரேக்கைப் பிடிக்கவில்லை.

கவிநிலாவைப் பார்த்து மற்ற வீடுகளும் பெண்பிள்ளைகளை அந்த வழியில் அனுப்பின. ஒன்பதாவது, பத்தாவது என்று வரிசையாகப் பின்னல் பறக்கப் போவார்கள். கடைசியில் உண்ணாமலை. மழைக்காலத்தில் கரை அரித்தால் அவளே மண்வெட்டியோடு போய்ச் சரிசெய்வாள். வருஷங்கள் அப்படியே போயின. அவள் வாழ்க்கையில் நல்லது என்று சொல்லும்படி பிறகு ஏதாவது இருந்தது என்றால் அந்த வருஷங்கள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காட்டு ஓர மேட்டில் சிலர் சைக்கிளோடு நின்றிருந்தார்கள். தடித்த டயர், வளைந்த கைப்பிடி, தலையில் ஹெல்மெட். அவர்களில் ஒரு பெண் இறங்கி வந்து பேசினாள். பெயர் கஸ்தூரி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. வார விடுமுறையில் இப்படி வண்டி வராத மண்பாதைகளாகத் தேடித் தேடி ஓட்டுவார்களாம். போன் மேப்பில் இந்தக் கோடு தெரிந்ததாம்.

"இதுக்குப் பேரே கிராவல் சைக்கிளிங்தான்க்கா" என்றாள் கஸ்தூரி. "இந்த மாதிரி பாதைக்கு வெளிநாட்டுல ஃப்ளைட் புடிச்சுப் போறாங்க. யார்க்கா இதைப் போட்டது?"

"நாங்கதான். நூறு நாள் வேலையில."

கஸ்தூரிக்கு முழுக்கதையும் தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது. உண்ணாமலை சைக்கிளில் இறங்கி வருவதைப் போனில் படம் பிடித்தாள். மகளைப் பறிகொடுத்த தாய் ஊர்ப் பிள்ளைகளுக்காகப் போட்ட பாதை என்று எழுதி அதை இன்டர்நெட்டில் போட்டாள். அது எங்கெங்கோ பரவியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கும்பல் கும்பலாக வந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்தார்கள். டவுனில் ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். உண்ணாமலை முன்னால் போக அவர்கள் பின்னால் வந்தார்கள். எல்லாரும் அவளை 'அக்கா' என்றார்கள், தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். டி.வி.யிலிருந்தும் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

பரசுராமன் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தான். திரையில் கீர்த்தனாவின் பள்ளிக்கூடப் படம் வந்ததும் எழுந்து பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். முடிந்த பிறகும் அங்கேயே இருந்தான்.

"அவ பேரச் சொன்னாங்க இல்ல?" என்று கேட்டான்.

"சொன்னாங்க."

"ஊரெல்லாம் கேட்டிருக்கும்."

அவன் குரலில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு உயிர் இருந்தது. உண்ணாமலைக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

பாதையை மேம்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு அதற்கடுத்து வந்தது. அதிகாரிகள் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கரையில் அங்கங்கே வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். வாய்க்கால் ஓரம் சரியாமல் கல் அடுக்குவார்கள், இரண்டு முனையிலும் சைக்கிள் மட்டும் நுழைகிற மாதிரிக் கம்பம் நடுவார்கள் என்றுதான் உண்ணாமலை நினைத்தாள். கிராம சபைக் கூட்டத்தில்தான் விஷயம் உடைந்தது. கரையை அகலப்படுத்தித் தார் ரோடு. நுணாப்பட்டிலிருந்து நேராக வேங்கிக்கால்.

அவள் எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"தார் வாணாம் தம்பி. தார் போட்டா வண்டி வரும். வண்டி வரக்கூடாதுன்னுதான நாம இத்தப் போட்டோம்?"

இளவரசன் பொறுமையாகவே பதில் சொன்னான். "வண்டி வந்தாத்தான் அண்ணி பஸ்ஸு வரும். போன மாசம் மாறன் பொண்டாட்டி பிரசவ வலியில துடிச்சப்ப ஆம்புலன்ஸு சுத்திக்கினு வர எவ்ளோ நேரம் ஆச்சு? கடல மூட்டய மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக எத்தினி பேரு கஷ்டப்படுறாங்க? உங்களுக்கு ஒரு பாதை. ஊருக்கு ரோடு வேணுமில்ல?"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. வாய்க்காலில் அவளோடு மண் சுமந்த பெண்களும் ஆமாம் என்றார்கள். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் உட்காரவில்லை.

"புள்ளைங்க எதுல போவும்?"

"ஓரமா போவட்டும் அண்ணி. இது ஹைவேஸா இன்னா? நம்ம ஊரு வண்டி நாலு போவும்." பிறகு அவன் குரலைத் தாழ்த்தி, பரசுராமன் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துச் சொன்னான். "இன்னொன்னும் பேசி வெச்சிருக்கோம். ரோட்டுக்கு நம்ம கீர்த்தனா பேர வெக்கறதா தீர்மானம் போடலாம்னு. கீர்த்தனா சாலை. கல்வெட்டுல இருக்கும்."

பரசுராமன் மெதுவாக எழுந்தான். அவன் வாய் கோணியது. துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு எல்லாருக்கும் எதிரே குலுங்கிக் குலுங்கி அழுதான். யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் உண்ணாமலையின் கையைப் பிடித்து அழுத்தினார்கள்.

தன் மகளின் பெயர் வேண்டாம் என்று ஒரு தாய் எப்படிச் சொல்வாள்? அவள் உட்கார்ந்துவிட்டாள். தீர்மானத்தில் பரசுராமன் கையெழுத்துப் போட்டான். அவளையும் போடச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தார்கள், போட்டாள்.

அன்றைக்கு வீட்டில் கேட்டாள். "உனக்குத் தெரியுமா முன்னாடியே?"

"இளவரசு சொன்னான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வாணாம்னுவ." பிறகு சொன்னான்: "உனக்கு அந்தச் சைக்கிளு கீது, ஓட்டிக்கினு திரியற, சிரிக்கிற. எனக்கு இன்னா கீது? பேராவது இருக்கட்டும்."

அவள் சிரித்ததை அவன் இத்தனை வருஷமாக மனதில் வைத்திருந்தான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஜே.சி.பி. வந்து கரையைத் தள்ளியது. வாய்க்கால் ஓரத்துப் புங்க மரங்களை வேரோடு சாய்த்தார்கள். பெண்கள் இடித்துக் கெட்டித்த கிராவலை ஒரே நாளில் வாரி ஒதுக்கிவிட்டு அதன்மேல் ஜல்லியைக் கொட்டினார்கள். திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டி, மைக் செட் வைத்தார்கள். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'கீர்த்தனா சாலை' என்று எழுதியிருந்தது. பரசுராமனுக்கு மாலை போட்டார்கள். உண்ணாமலைக்குச் சால்வை. அவள் அந்தச் சால்வையை வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் போட்டாள்.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். ரோட்டோரக் கொல்லைகளில் வண்ணக்கொடி நட்டு மனை பிரித்தார்கள். பிறகு கல் குவாரிக்காரர்களுக்கு அந்த வழி தெரிந்துவிட்டது. திண்டிவனம் ரோட்டில் அதிகாரிகள் நிறுத்தி லோடை எடை பார்ப்பார்கள். இதில் யாரும் நிறுத்துவதில்லை. டிப்பர்கள் வர ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டு. அப்புறம் பள்ளிக்கூட நேரத்திலேயே வரிசையாக. காப்புக்காட்டு மேட்டிலிருந்து அவை இறங்குகிற வேகத்தைப் பார்த்து உண்ணாமலை சைக்கிளைப் பள்ளத்தில் இறக்கிக்கொண்டு நிற்பாள்.

பெண்கள் ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். சிலர் பஸ்ஸுக்கு மாறினார்கள். கவிநிலா மட்டும் விடவில்லை. பன்னிரண்டாவது, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும் நேரத்துக்குப் பஸ் கிடையாது. அவளுக்குத் துணையாக உண்ணாமலை போனாள். ஒரு சாயங்காலம், கலங்கலுக்குப் பக்கத்தில், எதிரும் புதிருமாக இரண்டு டிப்பர்கள் வந்தன. ஒன்றுக்கு வழிவிட மற்றொன்று ஓரம் கட்டியது. உண்ணாமலை "குதி" என்று கத்தினாள். கவிநிலா குதித்தாள். உடம்பு தப்பித்தது, இடது கால் சக்கரத்துக்குக் கீழே போனது. வண்டி நிற்கவில்லை.

பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். "அத்தே, காலு இருக்குதா பாருங்க, இருக்குதா பாருங்க" என்று கவிநிலா கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துவிட்டது. நல்ல ரோடு ஆயிற்றே.

காலை எடுக்கவில்லை. கம்பி வைத்தார்கள். ஆனால் முட்டி மடங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மணிவேல் உண்ணாமலையை உள்ளே விடவில்லை.

"நீ எம்மேல நம்பிக்க வெச்சு அனுப்புன்னு சொன்னியேக்கா."

"மணிவேலு, நான்..."

"உன் பொண்ணு போய்ட்டா. எம் பொண்ணயும் இட்டுக்கினு போய்ட்டியா? ரோடு வாணாம்னு கூட்டத்துல கடசி வரைக்கும் நின்னுருக்கணும் நீ. பேரு வெக்கறேன்ன ஒடனே ஒக்காந்துட்ட."

அவள் அதைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். வழியெல்லாம் அதையே நினைத்தாள். அவன் கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. உட்கார்ந்தது உண்மை.

கஸ்தூரிக்குப் போன் செய்தாள். அவள் போட்ட படத்தைத்தான் ஊரே பார்த்தது. இப்போது நடப்பதையும் படம் பிடித்துப் போட்டால் ஏதாவது நடக்கும் என்று நம்பினாள்.

"ஐயோ, கேக்கவே கஷ்டமா இருக்குக்கா" என்றாள் கஸ்தூரி. உண்மையாகவே வருத்தப்பட்டாள். "நாங்க அங்க வந்தே ரொம்ப நாள் ஆச்சு. தார் போட்டப்புறம் எங்க ஆளுங்களுக்கு அதுல இன்ட்ரஸ்ட் இல்ல. இப்ப ஜவ்வாது மலை அடிவாரத்துல ஒரு ரூட் புடிச்சிருக்கோம். சுத்தமா வண்டியே கிடையாது. நீங்க ஒரு தடவை வாங்கக்கா, உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

உண்ணாமலை சரி என்று சொல்லிப் போனை வைத்தாள்.

இளவரசனிடம் போனாள். டிப்பரை நிறுத்தச் சொன்னாள். அது தன் கையில் இல்லை என்றான். மனு கொடுத்திருக்கிறேன் என்றான். அப்படியானால் பெயரையாவது எடு என்றாள்.

"அது கிராம சபத் தீர்மானம் அண்ணி. நெனச்சா வெக்கறதும் நெனச்சா எடுக்கறதுமா?"

"எம் பொண்ணக் கொன்ன வண்டிங்க அவ பேரு மேலயே ஓடுது. உனக்கு ஒறுத்தலயா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உறுத்தியது அவன் முகத்தில் தெரிந்தது. ஆனால் எழுந்து உள்ளே போய்விட்டான்.

ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம் ஒன்று கலங்கலுக்குப் பக்கத்தில் கிடந்தது. மறுநாள் மத்தியானம் உண்ணாமலை அதன் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்து, சருகு கூட்டிக் கொளுத்தித் தகரத்தில் உருக்கினாள். ஸ்டூலைப் போட்டு ஏறிப் பழந்துணியால் ரோட்டுப் பெயர்ப் பலகை மேல் பூசினாள். பட்டப்பகல். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். தடுக்க யாரும் கிட்டே வரவில்லை. 'கீ'யில் ஆரம்பித்து ஒவ்வொரு எழுத்தாக மறைத்தாள். கை தார் பட்டுக் கொப்பளித்தது.

வீட்டுக்கு வந்தபோது பரசுராமன் மண்ணெண்ணெய் கேனையும் துணியையும் எடுத்துக்கொண்டு எதிரே வந்தான். அவள் கையைப் பார்த்துவிட்டு அவளைத் தாண்டிப் போனான். இருட்டுகிற வரைக்கும் அவன் அந்தப் பலகையைத் துடைத்தான். பச்சை வண்ணம் பாதி போய்விட்டது. எழுத்து தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். அவள் சமைத்து வைத்துவிடுவாள், அவன் போட்டுச் சாப்பிட்டுக்கொள்வான். சாயங்காலமானால் அவன் பலகைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறான் என்று ஊரில் சொல்கிறார்கள். அவள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. கவிநிலா பரீட்சை எழுதவில்லை. அவளைக் கட்டிக்கொடுக்க மணிவேல் இடம் பார்க்கிறான். வருகிறவர்கள் காலைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் உண்ணாமலை துணி உலர்த்தினால் அந்தப் பெண் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.

வேங்கிக்காலில் ஒரு ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலைக்கு உண்ணாமலை இப்போது போகிறாள். போக வர அந்த பஸ்தான். சைக்கிள் மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது, காற்று இறங்கிவிட்டது. பஸ்ஸில் அவள் எப்போதும் காட்டுக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னலில் உட்காருவாள்.

போன வாரம் கண்டக்டர் புது ஆள். சின்ன வயது. பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டான்.

"எங்கம்மா எறங்கணும்?"

"நுணாப்பட்டு. வாய்க்கா ஸ்டாப்பு."

"வாய்க்கா ஸ்டாப்பா? அப்படி ஒண்ணு இல்லியேம்மா." அவன் முன்னால் திரும்பி டிரைவரிடம் கேட்டான். டிரைவர் என்னவோ சொன்னார். இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. எதிரே வந்த டிப்பருக்கு வழிவிட பஸ் ஓரம் ஒதுங்கி நின்றது. கண்டக்டர் மறுபடி அவளிடம் குனிந்தான்.

"கீர்த்தனா ரோடாம்மா? தெளிவா சொல்லுங்க. கீர்த்தனா ரோடுதான?"

பஸ்ஸில் இருந்த நுணாப்பட்டு ஆட்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா" என்றாள் உண்ணாமலை.